சாரல் ஊர் காருக்கு எந்தப் பூச்சு?

கேள்வி: புது காருக்கு செராமிக் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகர், இலஞ்சி

பதில்: வண்டி எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளுக்குப் பின்னால் அடிக்கடி ஓட்டுபவர் என்றால், தெறிக்கும் கல்லை செராமிக் தடுக்காது. பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஒளிபுகும் படலம்) ஒட்டுங்கள். முழு வண்டிக்கும் ஒட்டுவது, என்னைக் கேட்டால், காசுக்குப் பிடித்த கேடு.

குற்றாலச் சாரலுக்குப் பயப்பட வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தூறலும் வெயிலும் மாறி மாறி வரும்போது, துளி காய்ந்து விட்டுப்போகும் கறைதான் தொல்லை. செராமிக் போட்டாலும் அது வரும். கழுவுவது சுலபம், அவ்வளவுதான். மரத்தடியில் நிறுத்தினால் பறவை எச்சத்தை அன்றைக்கே கழுவிவிடுங்கள். வீட்டில் ஷெட் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போதும். செராமிக்தான் என்று முடிவானால், வாரண்டிக்காக வருடாவருடம் கட்ட வேண்டிய பராமரிப்புச் செலவையும் முதலிலேயே கேளுங்கள்.