சம்பளமும் சந்தமும்

நெய்வேலி

அன்புள்ள மகளுக்கு,

சுரங்க அலுவலக வேலையை விட்டுவிட்டு, இனி குழந்தைகளுக்கு எழுதுவதையே தொழிலாகக் கொள்ளப்போவதாக எழுதியிருக்கிறாய். நீ நன்றாக எழுத வேண்டும் என்ற ஆசையால்தான் வேலையை விடாதே என்கிறேன். பெரியவர்களுக்கான புத்தகத்தைப் படிப்பவரே வாங்குகிறார். குழந்தைப் புத்தகத்தைப் படிப்பவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர். நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியிலும் பிள்ளை படத்தைப் பார்த்து நிற்கும். விலையையும், கதையில் என்ன நீதி இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவெடுப்பவர்கள் பெற்றோர். அவர்கள் தரும் காசில்தான் உன் அடுப்பு எரிய வேண்டும் என்றால், பேனா மெல்லப் பிள்ளையை விட்டுப் பெற்றோர் பக்கம் சாய்ந்துவிடும். அப்படிச் சாயாமல் இருக்க உனக்குத் துணை மாதச் சம்பளம்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்க்கையை இந்தக் கண்ணோடு பார். 1922-ல் புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் பிறந்தவர். சென்னையில் 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அங்கே எழுத்தாளர் தி.ஜ.ர. அவரை எழுதத் தூண்டினார். 1941-ல் இந்தியன் வங்கிக்குப் போனார். 'மலரும் உள்ளம்' பாடல் நூலின் முதல் தொகுதி 1944-லும், குழந்தை எழுத்தாளர் சங்கம் 1950-லும் வந்தன. இரண்டுமே அவர் வங்கியில் இருந்த காலத்துக் காரியங்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் 'கோகுலம்' சிறுவர் இதழின் ஆசிரியரானார். 1989-ல் மறையும்வரை குழந்தைகளைவிட்டு விலகவில்லை. இரண்டாயிரத்துக்கு மேல் பாடல்கள் எழுதினார். பிள்ளைப் பாட்டைப் பெரிய இலக்கியத்துக்கு ஏறும் படிக்கட்டாக அவர் நினைத்ததில்லை. அந்த நிலைத்த மனத்துக்கு வங்கிச் சம்பளமும் ஒரு தாங்கு கட்டையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சிறுவர் எழுத்தாளர் வாண்டுமாமா எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழவில்லையா என்று நீ கேட்கலாம். வாழ்ந்தார், ஆனால் பத்திரிகை அலுவலகங்கள் அவருக்குச் சம்பளம் கொடுத்தன. இன்று அப்படிச் சம்பளம் தரும் சிறுவர் இதழ்கள் அருகிவிட்டன. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வே நின்றுபோயிற்று. வள்ளியப்பாவும் நீதி சொன்னவர்தானே என்றும் கேட்பாய். சொன்னார், 'பாட்டிலே காந்தி கதை' எழுதியவர் அவர். விடுதலைப் போராட்டக் காலத்தில் வளர்ந்தவருக்கு அது தன் நம்பிக்கை. சந்தைக்காக ஒட்டவைக்கும் நீதிக்கும், எழுதுபவர் தாமே நம்பும் நீதிக்கும் உள்ள வேறுபாடு பாட்டின் ஓசையிலேயே தெரிந்துவிடும். வேலை களைப்பைத் தரும் என்பது உண்மையான மறுப்பு. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நாவலுக்குத்தான் நீண்ட, தடையில்லாத நேரம் வேண்டும். பிள்ளைப் பாட்டோ எட்டு, பன்னிரண்டு அடிகளில் முடிவது. அதை மனத்திலேயே சுமந்து, பஸ்ஸில் போகும்போது எதுகையைத் திருத்தி, வீட்டுக்கு வந்து தாளில் இறக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வேலை உனக்குச் சோற்றோடு எழுதுவதற்குப் பொருளையும் தருகிறது. இராத்திரி ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்குவதால் சத்தமில்லாமல் விளையாடப் பழகிய பிள்ளைகள் இந்த நகரியத்தில் இருக்கிறார்கள். தாத்தாவின் ஊர் எங்கே என்று கேட்டால் சுரங்கப் பள்ளத்தைக் காட்டுகிற பிள்ளைகள், பழுப்பு நிலக்கரிக்காக நிலம் கொடுத்த குடும்பங்களில் இருக்கிறார்கள். நிலாவும் முயலும் அவர்களுக்கும் வேண்டியவைதான். ஆனால் அவர்கள் அன்றாடம் பார்க்கும் கன்வேயரும், மலைபோல் குவிந்த மண்மேடும் எத்தனை பாட்டில் வந்திருக்கின்றன? அவர்கள் நடுவில் இருந்து எழுத உனக்கு வாய்த்திருக்கிறது.

ஆகவே வேலையில் இரு. நாள்தோறும் நான்கு அடியாவது எழுது. எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடு. மறுநாள் அதைத் திருப்பிச் சொல்லச் சொல். நாக்குத் தடுக்கிய இடத்தில் பிள்ளை தானாக ஒரு சொல்லை மாற்றியிருக்கும். பெரும்பாலும் அதுவே அந்த இடத்துக்குச் சரியான சொல்லாக இருக்கும், கூசாமல் எடுத்துக்கொள்.

அன்புடன்,
சித்தப்பா