சாவிக்கொத்து யாரிடம்?

முதியோரைப் பேணுதல் பற்றி ஆண்டு மலர்களில் கட்டுரைகள் வருவது புதிதன்று. முதியோருக்கு நாம் கொடுக்க வேண்டியவை எவை என்று அக்கட்டுரைகள் கூறும். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்பவை எவை என்று கூறும் கட்டுரையை நாங்கள் படித்ததில்லை. ஆகவே இப்பள்ளியில் பயிலும் சகோதரியர் நாங்கள் இருவரும், எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டு அதனை எழுதத் துணிந்தோம். இதனை எழுத அம்மாவும் பாட்டியும் இசைவு தந்துள்ளனர்.

எங்கள் வீடு அஞ்சுகிராமத்தில் உள்ளது. அம்மாவைப் பெற்ற பாட்டி எங்களுடன் இருக்கிறார்கள். வயது 84. பாட்டா இறந்த நாள் முதல் வீட்டுச் சாவிக்கொத்து பாட்டியின் இடுப்பில்தான் இருந்தது. அரிசி அளந்து போடுவதும், பால் கணக்குத் தீர்ப்பதும், மீன் வாங்குவதும் அவர்களுடைய பொறுப்பு. அம்மா வேலைக்குப் போகிறவர்கள். பாட்டி இல்லாவிட்டால் அந்த வீடு ஓடியிராது.

ஒரு நாள் காலையில் பாட்டி இருமுறை சாளை மீன் வாங்கி வந்தார்கள். நாங்கள் சிரித்தோம். பின்னர் ஒரே கதையை ஒரு மாலைக்குள் மூன்று முறை சொல்லத் தொடங்கினார்கள். அடுப்பில் வைத்த பால் இரண்டு முறை தீய்ந்து பாத்திரம் கரியாயிற்று. அதன் பிறகுதான் பெரிய சம்பவம் நடந்தது. நாகர்கோவிலுக்குப் போக வேண்டிய பாட்டி, வள்ளியூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். பாதி வழியில் நடத்துநர் கண்டு விசாரித்து, எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். அம்மா அழுதுகொண்டே போய் அழைத்து வந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் சித்தியும் வந்தனர். வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. பாட்டி இனி அடுப்பங்கரைக்குப் போக வேண்டாம், தனியே வெளியே போக வேண்டாம், பணம் கையில் இருக்க வேண்டாம், சாவிக்கொத்து அம்மாவிடம் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. எல்லாம் அன்பினால் எடுத்த முடிவுகள்தாம். பாட்டி அறைக்குள்ளேதான் இருந்தார்கள். ஆனால் அவர்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் பாட்டி வேறு ஆளாகிவிட்டார்கள். பகலெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே தூங்கினார்கள். இரவில் எழுந்து நடந்தார்கள். இடுப்பைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள்; அங்கே சாவி இராது. பேச்சும் குறைந்தது. நோய் முற்றிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் பாட்டியிடம் தேதி, ஊர், மாநிலம் கேட்டார். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். பிறகு அம்மாவிடம், "இவங்க நாள் முழுக்க என்ன வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். "ஒரு வேலையும் செய்ய விடுறதில்லை டாக்டர்" என்று அம்மா சற்றுப் பெருமையாகவே சொன்னார்கள். "அதைத்தான் முதல்ல மாத்தணும்" என்றார் அவர்.

அன்று அவர் விளக்கியதையும், பின்னர் நாங்கள் நூல்களில் தேடிப் படித்ததையும் இங்கே தருகிறோம்.

மறதி எல்லாம் நோயன்று. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது யாருக்கும் உள்ளதே. பலகாலம் பழகிய வழி குழம்புவது, பழக்கமான சமையலில் வரிசை தவறுவது, கேட்ட கேள்வியையே கேட்டது தெரியாமல் மறுபடி கேட்பது, கணக்கு தடுமாறுவது ஆகியவை தொடர்ந்து வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ஏனெனில் பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் இவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய இயலும். காது கேளாமையும் மறதி போலத் தோன்றும். பாட்டிக்கு இரத்தப் பரிசோதனையில் பி-12 குறைவாக இருந்தது. ஊசி போட்ட பின் சோர்வு நீங்கியது. ஆனால் மறதி நீங்கவில்லை. அது மறதி நோயின் தொடக்கநிலை என்று மருத்துவர் உறுதி செய்தார்.

இந்நோயின் வரலாறு ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகஸ்டே டீட்டர் என்னும் 51 வயது அம்மையாரை அலோய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர் கவனித்தார். 1906இல் அந்த அம்மையார் இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவ்வாண்டே டூபிங்கன் நகரில் அறிவித்தார். 1910இல் கிரெப்பெலின் என்னும் அறிஞர் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமர் பெயரையே சூட்டினார். மறதி நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. மூளையின் இரத்தக் குழாய் அடைப்பால் வருவதும் உண்டு. ஆக, இது பைத்தியமுமன்று, சாபமுமன்று. பெற்றோரின் அறிவு குன்றினாலும் பொறுமை காட்டச் சொல்லும் அறிவுரை சீராக் நூலின் 3ஆம் அதிகாரத்தில் இருப்பதைப் பார்த்தால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் வீடுகளில் இது இருந்தது என்றே தோன்றுகிறது.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100 பேருக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் இது மிகுதி. இளமையில் கல்வி குறைந்திருப்பதும் இந்நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் ஒன்று என்று லான்செட் இதழ் அமைத்த அறிஞர் குழு 2024இல் கூறியுள்ளது. பாட்டி மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர்கள். தம்பிமாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதே காரணம். பெண்கள் பள்ளியில் அமர்ந்து இவ்வரிகளை எழுதும்போது எங்களுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். நினைவு என்பது ஒரே பெட்டியன்று. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மோலேசன் என்னும் இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்தனர். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனத்தில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரிடம், கண்ணாடியில் தெரியும் உருவத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை திருத்தமாக வரைந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலையைப் புதிதாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். நடந்ததை நினைவில் வைக்கும் இடம் வேறு, கைப்பழக்கம் இருக்கும் இடம் வேறு என்பதை உலகம் இவ்வாறு அறிந்தது. மறதி நோயின் தொடக்கத்தில் பழுதுபடுவது பெரும்பாலும் முதலாவது. கைப்பழக்கமும் பழைய நினைவும் நெடுநாள் நிற்கும்.

இதைப் படித்த அன்றே பாட்டியிடம் தென்னையோலையைக் கொடுத்துப் பார்த்தோம். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத பாட்டி, ஒரு கீற்றுகூடப் பிசகாமல் கிடுகு முடைந்தார்கள். திருவிதாங்கூர்ப் பணக் கணக்கைக் கேட்டோம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று மளமளவென்று சொன்னார்கள். இக்குமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணையும் முன்பே வழக்கொழிந்த நாணயங்கள் அவை! எங்களால்தான் அந்தக் கணக்கில் பாட்டியோடு ஈடுகொடுக்க முடியவில்லை.

ஆகவே மாமாவையும் சித்தியையும் மறுபடி வரவழைத்து, இரண்டாம் மாநாடு கூட்டினோம். இம்முறை பாட்டி நடுவில் இருந்தார்கள். "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று அம்மா கேட்டார்கள். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சாவியக் குடு மக்களே. தொலைச்சா திட்டு" என்றார்கள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

சாவியைக் கொடுத்தோம். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் மறுசாவி செய்து வைத்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வேலையை முழுதாகப் பறிப்பதற்கு முன், அது எந்தப் படியில் முறிகிறது என்று பார்க்க வேண்டும். மீன் குழம்பையே எடுத்துக்கொள்வோம். மீனை ஆய்வது, தேங்காய் அரைப்பது, புளி கரைப்பது, கூட்டுவது எல்லாம் பாட்டிக்குச் சரியாக வந்தன. அடுப்பை அணைப்பது ஒன்றுதான் தவறியது. அந்த ஒரு படிக்கு மட்டும் யாரேனும் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் சிலிண்டரை மூடிவிடுகிறோம். தானே அணைந்துவிடும் மின்னடுப்பு ஒன்றை மாமா வாங்கி வந்தார். பாட்டி அதைத் தொடவே இல்லை. புதிய கருவியைப் பழகுவதுதான் இந்நோயில் மிகவும் கடினம் என்பதைப் பணம் செலவழித்துக் கற்றோம்.

மீன் கொண்டுவரும் அம்மாளிடம் விஷயத்தைச் சொன்னோம். இரண்டாம் முறை பாட்டி கேட்டால், "காலையில வாங்கிட்டீங்களே பாட்டி" என்று அவர் சிரித்துச் சொல்லிவிடுவார். மளிகைக் கடைக்காரரும் அப்படியே. இதை ஊருக்குச் சொல்வதா என்று முதலில் கூசினோம். ஆனால் ஊர் அறிந்த மறதியே பாட்டிக்குப் பாதுகாப்பாயிற்று. பணப்பையில் சில பத்து ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்கள் மட்டும் இருக்கும். கூடவே எங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டையும் இருக்கும். கடைக்கும் கோயிலுக்கும் பாட்டி தனியே போகலாம். அதே வழி, அதே நேரம். பஸ்ஸில் மட்டும் துணையோடுதான்.

விட்டுக்கொடுக்க முடியாதவையும் உண்டு. சர்க்கரை மாத்திரையை இருமுறை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதை அம்மாதான் எடுத்துக் கொடுப்பார்கள். பாட்டி முறைத்தாலும் சரி. நிலப் பத்திரம், வங்கிக் காகிதம் எதிலும் தனியே கையெழுத்திடக் கூடாது. இவற்றில் பாட்டியின் விருப்பம் என்னவென்று, தெளிவு இருக்கும் இப்போதே கேட்டு, மாமா, சித்தி முன்னிலையில் ஒழுங்குசெய்தோம். பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக் கைவிடுவோரிடமிருந்து அச்சொத்தை மீட்க 2007ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், வழக்குக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

ஆபத்தில்லாத தவறுகளைத் திருத்துவதில்லை. குழம்பில் இருமுறை உப்பு விழுந்தால் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறோம். நாள்காட்டியில் தாள் கிழிப்பது பாட்டியின் வேலை. சில நாள் இரண்டு தாள் கிழிபட்டு எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே விடிந்துவிடும். வீட்டுக்கு வரும் உறவினரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம்: "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பாட்டிக்குத் தேர்வு வைக்காதீர்கள். வந்ததும் உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள். தேர்வில் தோற்பது எப்படியிருக்கும் என்று மாணவிகளாகிய எங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்கும் ஓய்வு வேண்டும். சனிக்கிழமை மாலை நாங்கள் பொறுப்பு. மாதத்தில் ஒரு வாரம் சித்தி வந்து தங்குகிறார்கள். பக்கத்துக் கேரளத்தில் 1992இல் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்னும் அல்சைமர் சங்கம் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது. முதியோர் உதவிக்கு 14567 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உண்டு. தோழியர் குறித்து வைத்துக்கொள்க.

பாட்டியின் நோய் போய்விடவில்லை. அது மெல்ல மெல்லக் கூடும் என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இன்று பாட்டி செய்கிற சிலவற்றை அடுத்த ஆண்டு செய்ய இயலாமல் போகலாம். ஆனால் இப்போது பகலில் தூங்குவதில்லை. இரவில் நடப்பதும் குறைந்துள்ளது.

சென்ற வாரம் சாவிக்கொத்தைக் காணவில்லை. வீடு முழுவதும் தேடினோம். கடைசியில் அது அரிசிப் பானைக்குள் இருந்தது. எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, "அரிசிப் பானையில கொண்டு சாவிய வைக்கிறது யாரு? ஒரு பொறுப்பு வேண்டாமா?" என்று எங்கள் இருவரையும் அரைமணி நேரம் திட்டினார்கள். நாங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டோம்.