வருவோர்க்கு ஒரு திண்ணை

காளஹஸ்தி, சொர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள ஊர். ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. பஞ்சபூதத் தலங்களில் இது காற்றுத் தலம். காற்று கண்ணுக்குத் தெரியாது. சிறு சந்து கிடைத்தாலும் புகுந்துவிடும். வைஃபையும் அப்படித்தான். கம்பி இல்லாமல் இணையத்தைக் கொண்டு வரும். சுவரைத் தாண்டியும் போகும்.

கலம்காரித் துணிக்கும் இந்த ஊர் பெயர் பெற்றது. கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்துக் காய வைப்பார்கள். பிறகு மூங்கில் குச்சியால், கையாலேயே படம் வரைவார்கள்.

அப்படி ஒரு பட்டறையில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூத்தவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அக்கா சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. பெரியவரான பிறகு எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தார். இன்று பட்டறைக் கணக்கை அவரே எழுதுகிறார்.

பட்டறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. புதிய படங்களின் மாதிரி, துணி வாங்குவோர் முகவரி, கூலிக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கோயிலுக்கு வருவோர் துணி பார்க்கவும் வருவார்கள். பிடித்த சேலையைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சுவர் தடித்த கட்டடம் என்பதால் உள்ளே சிக்னல் கிடைக்காது. "அக்கா, வைஃபை இருக்கா?" என்று கேட்பார்கள். அக்கா பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். "வந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கிற மாதிரிதானே!" என்பார்.

ஒரு நாள் சென்னையிலிருந்து ஓர் அம்மா வந்தார். போனைத் தடவிக்கொண்டே இருந்தவர் திடுக்கிட்டார்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற படமெல்லாம் என் போன்ல தெரியுதே!"

அக்கா எட்டிப் பார்த்தார். கல்யாண ஆர்டருக்காக மூன்று மாதம் உழைத்து வரைந்த மாதிரிகள்! வந்தவர் நல்லவர். சொல்லிவிட்டார். இதற்கு முன் எத்தனை பேர் பார்த்தார்களோ? அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாலையில் அக்காவின் சித்தி மகன் வந்தான். அவன் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். நடந்ததைக் கேட்டான்.

"அக்கா, தெரியாதவங்க வீட்டுக்கு வந்தா எங்கே உட்கார வைப்பீங்க?"

"திண்ணையில."

"பீரோ சாவியைக் கொடுப்பீங்களா?"

"அது எப்படிடா கொடுப்பேன்?"

"நீங்க சீட்டில் எழுதிக் கொடுத்தது பீரோ சாவிதான். வர்றவங்களுக்குத் தனியா ஒரு திண்ணை வேணும்."

அவன் இன்னொன்றும் சொன்னான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று போலீசார் தேடினார்கள். நவி மும்பையில் ஒருவர் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவர் வீட்டு வைஃபை பூட்டப்படாமல் இருந்தது. வேறு யாரோ அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். விசாரணைக்கு ஆளானவரோ அந்த வீட்டுக்காரர். 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

"அப்போ யாருக்கும் கொடுக்கவே கூடாதா?" என்று அக்கா கேட்டார்.

"கொடுக்கலாம் அக்கா. முறையா கொடுக்கணும்."

என்ன செய்தார்கள்?

1. வைஃபை பெட்டியின் அடியில் உள்ள தாளைப் பார்த்தார்கள். அமைப்புப் பக்கத்தின் முகவரி அதில் இருந்தது. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள்.

2. அந்தப் பக்கத்துக்குக் கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றினார்கள்.

3. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்பதை இயக்கினார்கள். கெஸ்ட் என்றால் விருந்தினர். இதுதான் திண்ணை. சில பழைய பெட்டிகளில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் வேறு பெட்டி வாங்க வேண்டும்.

4. அதற்குத் தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வைத்தார்கள். பூட்டு வகையில் 'டபிள்யூ.பி.ஏ. 2' என்பதைத் தேர்ந்தார்கள். 'டபிள்யூ.பி.ஏ. 3' இருந்தால் இன்னும் நல்லது.

5. விருந்தினர் போனுக்குப் பட்டறைக் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் தெரியாதபடி அடைத்தார்கள்.

6. பட்டறையின் பழைய பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். அந்தச் சீட்டுகள் ஊரெல்லாம் போயிருக்கின்றன அல்லவா?

பாஸ்வேர்டு வைக்கும் இடம் வந்தது. தம்பி போனை அக்காவிடம் நீட்டினான்.

"நீங்களே போடுங்க அக்கா. எட்டு எழுத்துக்குக் குறையாம, எழுத்தும் எண்ணும் கலந்து போடுங்க. பிறந்த தேதி, போன் நம்பர் வேண்டாம். பட்டறைப் பாஸ்வேர்டை என்கிட்டயும் சொல்லாதீங்க."

தம்பி திரும்பி நின்றான். அக்கா ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கைநாட்டு வைத்த விரல் அது. இன்று பட்டறைக்குப் பூட்டுப் போட்டது.

பிறகு சோதித்தார்கள். தம்பியின் போனை விருந்தினர் வைஃபையில் இணைத்தார்கள். இணையம் வந்தது. கம்ப்யூட்டரில் உள்ள படங்கள் தெரியவில்லை. அக்கா சிரித்தார்.

இப்போது வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது. வைஃபை கேட்பவர் பெயரும் நேரமும் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை அக்கா விருந்தினர் பாஸ்வேர்டை மாற்றுகிறார்.

தெரிந்து கொள்வோம்

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இலவச வைஃபை தொடங்கியது. ரயில்டெல் நிறுவனம் கூகுளுடன் சேர்ந்து இதைத் தொடங்கியது. பிறகு பல நிலையங்களுக்கும் பரவியது. அங்கே நம் செல்பேசி எண்ணைக் கொடுக்க வேண்டும். குறுஞ்செய்தியில் ஓர் எண் வரும். அதைப் போட்டால்தான் இணையம் கிடைக்கும். யார் பயன்படுத்தினார் என்பது இப்படிப் பதிவாகிறது. பட்டறையின் நோட்டும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறது.

பயிற்சி

1. அக்கா கொடுத்த சீட்டைத் தம்பி ஏன் 'பீரோ சாவி' என்றான்?

2. பழைய பாஸ்வேர்டை ஏன் மாற்றினார்கள்?

3. சரியா, தவறா? பிறந்த தேதி நல்ல பாஸ்வேர்டு.

4. உங்கள் வேலையிடத்தில் வைஃபை இருக்கிறதா? அதன் பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்? பட்டியல் எழுதிப் பாருங்கள்.