பகல் வெயிலைச் சேமித்தல்
(திருகோணமலை மாவட்டக் கமக்காரர்களுக்கு)

நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோரப் பகுதிகளிற் கிணற்றுநீரை நம்பிச் சின்னவெங்காயஞ் செய்யும் கமக்காரருட் சிலர், மண்ணெண்ணெயினால் இயங்கும் நீர்ப்பம்பிக்குப் பதிலாகச் சூரியத் தகட்டினால் இயங்கும் நீர்ப்பம்பியைப் பொருத்த எண்ணுகின்றனர். பற்றரி எத்தனை வாங்க வேண்டும் என்பது அவர்கள் முதலிற் கேட்கும் கேள்வியாகும். நீரிறைப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றேனும் வேண்டியதில்லை என்பதே எமது விடை. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளுதற்கு மின்சாரத்தின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று.

நெல்லை மூட்டை கட்டி வைப்பதுபோல மின்சாரத்தைக் கம்பியிற் குவித்து வைத்தல் இயலாது. உற்பத்தியாகும் கணத்திலேயே அது செலவாதல் வேண்டும். உற்பத்தியும் செலவும் ஒவ்வாதவிடத்து மின்வலையமைப்பு முழுவதும் தளம்பும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதனால் உண்டான கோளாறு இலங்கை முழுவதையும் மின்சாரமின்றி ஆக்கியது. குரங்கின்மேற் பழியைச் சுமத்திப் பலரும் நகைத்தனர். ஆயின், ஞாயிற்றுக்கிழமையாதலின் மின்சாரத் தேவை குறைந்தும் சூரிய மின்சாரம் மிகுந்தும் இருந்தமையால் வலையமைப்பு அவ்வதிர்ச்சியைத் தாங்கவில்லை என மின்சார சபை பின்னர் விளக்கிற்று. நீரினாலும் நீராவியினாலும் சுழலும் பாரிய இயந்திரங்கள் தமது சுழற்சியின் உந்தத்தாற் சிறு அதிர்ச்சிகளை ஏற்றுக்கொள்ளும். சூரியத் தகட்டிற் சுழல்வது யாதுமில்லை. அவ்வாண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைமேற் சூரியத் தகடு பொருத்தியோர் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு சபை வேண்டிக்கொள்ளவும் நேர்ந்தது. நண்பகலில் மிகுதி, விளக்கேற்றும் வேளையிற் பற்றாக்குறை, இதுவே இடர்ப்பாடு.

எமது மாவட்டத்துச் சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 2016இற் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலைய வேலை 2025 ஏப்ரல் 5ஆந் திகதி தொடக்கி வைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பெருகுமிடத்துப் பாரிய பற்றரித் தொகுதிகளும் உடன் பெருகுதல் வேண்டும். தென் அவுஸ்திரேலியா மாநிலம் 2016 செப்டெம்பரில் முற்றாக இருளடைந்தது. மறு ஆண்டு அங்கே ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில் நிறுவப்பட்ட 100 மெகாவாற்றுப் பற்றரி நிலையம், ஒரு விநாடிக்குள்ளேயே மின்சாரத்தை அளித்து வலையமைப்பைத் தாங்க வல்லது. அது பெருமுதல் வேண்டும் வேலை.

தோட்டத்தின் நிலை வேறு. கமக்காரருக்கு வேண்டியது மின்சாரமன்று, நீர். நீரையோ எளிதிற் சேமிக்கலாம். அரை ஏக்கர் வெங்காயத்துக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் பாய்ச்சுவதாயின் ஏறக்குறைய 10,000 லீற்றர் தேவை. அதனைக் குழாய்த் தடையுஞ் சேர்த்து 10 மீற்றர் உயரத்துக்கு ஏற்றுதற்கு, நீர்ப்பம்பியின் வினைத்திறன் நூற்றுக்கு 40 எனக் கொண்டால், முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரம் செல்லும். 12 வோற்று, 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியொன்றிற் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையுமாதலின், அதிலிருந்து பெறத்தக்கது 0.6 அலகேயாம். ஆகவே நிறைந்த தொட்டியொன்று அப்பற்றரி ஒன்றிலும் மிகுதியான வேலையைத் தன்னுள் வைத்திருக்கின்றது. பற்றரி எமது வெப்பத்திற் சில ஆண்டுகளிற் பழுதாகும். நன்கு கட்டிய சீமெந்துத் தொட்டி பல்லாண்டு நிற்கும்.

தொட்டியை மேட்டிற் கட்டி, முற்பகல் 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிரப்பி, மறுநாட் காலையில் வெயில் ஏறுமுன் திறந்துவிடுக. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களிலேயே பயிர் மிகுந்த நீர் கேட்கும். வெயிலும் அப்பொழுது மிகுதி. வாடைக்கால முகில் தகட்டை மறைக்கும் நாட்களில் மழையே பயிருக்கு நீர் தரும். மின்கம்பியிலிருந்து மின்சாரம் பெறுவோரும் பகலிலேயே இறைத்து, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை பம்பியை நிறுத்தி வைத்தல் நன்று.

இங்கே ஓர் அபாயமுண்டு. எண்ணெய்ச் செலவு இல்லையென்று நாள் முழுவதும் பம்பியை ஓடவிடலாகாது. கரையோர மணற்பாங்கில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமிடத்து, அதன் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு என்பது பொதுவிதி. மேலே ஓரடி தாழ்ந்து நிலைத்தால் கீழிருந்து உவர்நீர் அதற்கேற்ப உயர்ந்துவரும். வெங்காயம் உவர் தாங்காப் பயிர்; மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 தெசிசீமனைக் கடந்தால் அதன் விளைச்சல் குறையத் தொடங்கும். உவரேறிய கிணறு மீளுவதற்குப் பல மாரிகள் செல்லக்கூடும். ஆதலின் தொட்டி நிறைந்தவுடன் பம்பியைத் தானே நிறுத்தும் மிதவை ஆளியைப் பொருத்துதல் கட்டாயம் எனக் கொள்க. இலாபத்தைப் பார்த்துத் தகட்டின் அளவைக் கூட்டுவோர், கிணற்றின் ஊற்றையும் பார்த்தல் வேண்டும்.

பற்றரி உண்மையாக வேண்டப்படுமிடம் யானை வேலி. யானை இரவில் வரும். சூரியன் அப்பொழுது இல்லை. 10 வாற்று வாங்கும் வேலிக் கருவி 12 மணி நேரத்தில் 120 வாற்று-மணி செலவிடும். பெரும்போக மழையில் மூன்று நாள் வெயிலில்லாதிருந்தாலும் வேலி நிற்க வேண்டுமாயின் 360 வாற்று-மணியும், பாதியளவே இறக்குவதாயின் 720 வாற்று-மணியும் வேண்டும். 12 வோற்று, 60 அம்பியர்-மணிப் பற்றரி இதற்குப் போதும். அதனைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, கடற்காற்றினாற் களிம்பேறாதபடி முனைகளிற் பெற்றோலியம் ஜெலி பூசி, காய்ச்சி வடித்த நீரின் மட்டத்தை மாதமொருமுறை பார்த்து வருக. வேலிக் கருவி விட்டுவிட்டு அனுப்பும் சிறு துடிப்பு யானையை விரட்டுமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்சாரத்தை வேலிக்கு நேராகத் தொடுத்தல் யானையையும், இருளில் அவ்வழி வரும் அயலாரையும் பிள்ளைகளையும் கொல்லும், சட்டத்துக்கும் மாறானது. வேலிக் கருவி பழுதடைந்த இரவில், அது திருத்தப்படும் வரை தீப்பந்தத்தோடு காவலிருத்தலே செய்யத்தக்கது.