கூரையில் விசிறி வைத்தால் வீடு குளிருமா?

தென்மேல் பருவக்காற்று மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது வறண்டு சூடேறி மட்டக்களப்புக்கு வந்து சேருகிறது. அதுதான் கச்சான். வெல்லாவெளியில் தகரத்துக்கும் அஸ்பெஸ்டஸ் சீற்றுக்கும் கீழே குடியிருப்பவர்களுக்கு அதன் குணம் நன்றாகத் தெரியும். இந்த வெக்கைக்கு மருந்தாகச் சொல்லப்படுவது கூரை விசிறி. படுக்கையும் அடுப்பும் வைத்த சுற்றுலா வாகனங்களுக்கென்று அமெரிக்காவில் செய்யப்படும் 12 வோல்ட் விசிறியும் அதில் ஒன்று. கூரையில் போடும் 14 அங்குலச் சதுரத் துளையில் உட்காரும், சோலரிலும் ஓடும். நல்ல சாமான்தான். அதைப் பற்றிய பேச்சில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன.

வீட்டைக் குளிராக்கும் என்பது முதல் நம்பிக்கை. விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது; அந்த இடத்துக்கு வெளிக்காற்று வருகிறது. அவ்வளவுதான். வெளியே 36 பாகை என்றால், வரும் காற்றும் 36 பாகைதான். தகரத்தின் கீழ் அவிந்துகிடக்கும் அறை அந்த அளவுக்கு இறங்கலாம். அதற்குக் கீழே இறங்காது. வெயிலில் 60 பாகைக்கு மேல் காயும் தகரமோ தன் சூட்டைக் கதிராக நேரே உடம்பில் இறக்குகிறது. காற்றை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது. அதை மறிக்கச் சீலிங் வேண்டும். தகரத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலும், மேலே கிடுகு போட்டாலும் சூடு குறையும். விசிறிக்கு உகந்த நேரம் பொழுதுபட்ட பிறகு, வெளியே ஆறி வீட்டுக்குள் மட்டும் வெக்கை தங்கி நிற்கும்போதுதான்.

பெரிய மோட்டார் வாங்கினால் போதும் என்பார்கள். இந்த வகை விசிறிகளில் நல்லவை நிமிடத்துக்கு 900 கனஅடி வரை தள்ளக்கூடியவை. 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள அறையில் இருப்பது 1,200 கனஅடிக் காற்று. கணக்குக்கு அந்த மோட்டாரே தாராளம். ஆனால் கதவையும் யன்னலையும் சாத்திவிட்டால் எந்த மோட்டாரும் உதவாது. விசிறிக்கு எட்டத்தில், நிழல் பக்கமுள்ள யன்னலைத் திறக்க வேண்டும். விசிறிக்கு நேர் கீழே உள்ள யன்னலைத் திறந்தால் காற்று குறுக்குவழியில் மேலே போய்விடும். படுக்கை மூலை அப்படியே புழுங்கும். எல்லாம் சாத்திய வீட்டில் விறகடுப்பும் எரிந்தால் புகைக்கூட்டால் போகவேண்டிய புகையை விசிறி வீட்டுக்குள் இழுக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

பற்றரி ஒரே இரவில் தீர்ந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. முழு வேகத்திலேயே இவை சுமார் 3 அம்பியர்தான் இழுக்கும். 1 அம்பியர் வேகத்தில் 8 மணி நேரம் ஓடினால் செலவு 8 அம்பியர்-மணி.

மிக ஆபத்தானது, சீற்றில் துளை போடுவது சாதாரண வேலை என்ற நம்பிக்கை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கிரைண்டர் வைத்து அறுத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் வீடெங்கும் பறக்கும். அறுப்பவரும் சுவாசிப்பார், முற்றத்தில் விளையாடும் பிள்ளையும் சுவாசிக்கும். சீற்றைத் தொடாமல், கூரைக்குக் கீழுள்ள முக்கோணச் சுவரின் உச்சியில் சுவர் விசிறி பொருத்தலாம். சூடு சேருவதும் அங்கேதான். தட்டையான வாகனக் கூரைக்கென்று செய்த சட்டம் அலையலையான சீற்றில் பொருந்தாமல் நவம்பர் மழைக்கு ஒழுகும். சுவரில் அந்தத் தொல்லையும் இல்லை. வெளியே சாய்வான மழைமறைப்பும், உள்ளே கழற்றிக் கழுவக்கூடிய நுளம்பு வலையும் வைத்தால் போதும்.