விரை இறங்காத குழந்தைக்கு அறுவை சிகிச்சை: ரத்த ஓட்டத்தைக் காப்பது எப்படி?

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் அம்மாக்கள் செவிலியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது இது: "ஏனுங்க சிஸ்டர், ஒரு பக்கம் விரையைக் காணோமுங்க. தானா எறங்கிருமுங்களா?" பெரும்பாலும் இறங்கிவிடும், ஆனால் கெடு 6 மாதம்தான். அதற்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. 12 மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கு இரண்டு விரையுமே தட்டுப்படவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வெந்நீரில் குளிப்பாட்டியதும் குழந்தையைப் படுக்கவைத்து, இடுப்பெலும்பு முனையிலிருந்து தொடை இடுக்கு வழியாக விரல்களை மெல்லக் கீழே வழித்து வாருங்கள். விரை பைக்குள் இறங்கிச் சற்று நேரம் அங்கேயே நின்றால், அது குளிருக்கும் கூச்சத்துக்கும் மேலேறும் விரை. அறுவை வேண்டாம், ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டினால் போதும். நிற்காமல் மேலே ஓடினாலோ, தட்டுப்படவே இல்லை என்றாலோ ஸ்கேனுக்கு அலையாமல் நேராகக் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். விரையைப் பைக்குள் வைப்பது பெரிய காரியமில்லை; ரத்தம் குறையாமல் கொண்டுவருவதே காரியம். மூன்று வழிகளில் அதற்கு ரத்தம் வருகிறது: வயிற்றின் பெருந்தமனியிலிருந்து நேராக வரும் முதன்மைக் குழாய், விந்துக் குழாயை ஒட்டி வரும் சிறு குழாய், விரையைத் தூக்கும் தசையோடு வரும் இன்னொன்று. தொடை இடுக்கில் இருக்கும் விரை என்றால், நூல் போன்ற அந்தக் குழாய்களிலிருந்து குடலிறக்கப் பையைப் பிரித்தெடுத்தாலே பெரும்பாலும் நீளம் கிடைத்துவிடும். முறுக்காமல், விறைப்பாக இழுக்காமல் வைப்பார்கள். இழுத்துத் தைத்தால் விரை சுருங்கிப்போகும்.

விரை வயிற்றுக்குள்ளேயே இருந்தால் லேப்ராஸ்கோப்பிதான் வழி. கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள்: "முதன்மை ரத்தக் குழாயை வெட்டாமக் கொண்டாற முடியுங்களா?" வெட்டாமல் விரை பைவரை எட்டாவிட்டால் இரண்டு வழிகள் உண்டு. மெல்போர்னில் ஃபௌலரும் ஸ்டீபன்ஸும் 1959இல் எழுதிய முறையில் முதன்மைக் குழாயைத் துண்டிப்பார்கள். இன்று அதைப் பெரும்பாலும் இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள்: முதலில் குழாயை அடைத்துவிட்டு ஏறக்குறைய 6 மாதம் காத்திருப்பார்கள். பெரிய வாய்க்காலை அடைத்தால் கிளை வாய்க்கால் அகலப்படுவதுபோல, விந்துக் குழாயோடு வரும் சிறு குழாய் அதற்குள் பருத்துவிடும். எகிப்திய மருத்துவர் ஷெஹாட்டாவின் முறையில் குழாயை வெட்டுவதே இல்லை. விரையை எதிர்ப்பக்க வயிற்றுச் சுவரில் தைத்து, ஏறக்குறைய 12 வாரம் மெல்ல நீளவிடுவார்கள். எது பொருந்தும் என்பது உள்ளே பார்த்த பிறகே தெரியும். அந்தப் பக்கம் முன்பே குடலிறக்க அறுவை நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். விந்துக் குழாயோடு வரும் அந்தச் சிறு குழாய் அதில் சேதப்பட்டிருக்கலாம்.

இரண்டாம் கட்டத்தை நோம்பி கழியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் 2 வாரம், காலை விரித்து இடுப்பில் தூக்கிவைக்காதீர்கள், நடைவண்டியும் வேண்டாம். அப்பத்தா எண்ணெய் தேய்த்து நீவ வந்தால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவைக்கு முன்பு தொடை இடுக்கு திடீரென வீங்கிக் குழந்தை வீறிட்டாலும் அப்படித்தான். அது விரை முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம், அதற்குச் சில மணி நேரம்தான் கெடு.

ரத்த ஓட்டம் நிலைத்ததா என்பது மறுபக்க விரையோடு அளவை ஒப்பிட்டால் தெரியும். தையல் ஆறியதோடு விட்டுவிடாமல் 6 மாதத்திலும் ஓராண்டிலும் காட்டுங்கள். பையன் வயதுக்கு வந்ததும் மாதம் ஒருமுறை தானே தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். இத்தகைய விரையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்.