வேதாகமச் சொற்களும் உலக முடிவும்

இரண்டாமாண்டு மாணவி, இளம் அறிவியல் (வேதியியல்)

வேதியியல் படிக்கும் மாணவிக்கு வேதாகமத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் நண்பர்கள் கேட்கலாம். 'வேதி', 'வேதம்' என்னும் ஒலி ஒற்றுமையைத் தவிர இரண்டிற்கும் உறவேது என்பாரும் உளர். ஆயினும் இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது ஒரு வேதியியல் சொல்லே. அச்சொல் 'தனிமம்'.

கிறித்தவர்களின் புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம் என்றொரு கடிதம் உண்டு. அதன் மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனம் கடவுளின் கடைசி நாளைப் பற்றிப் பேசுகிறது. வானம் இராது, 'பூதங்கள்' நெருப்பில் உருகும், பூமியும் தீக்கு இரையாகும் என்பது நம் ஆலயங்களில் வழங்கும் தமிழ் வேதாகமம் தரும் பொருள். ஞாயிறு பள்ளியில் இப்பகுதியைக் கேட்ட என் தோழியர் சிலர், பேய்பூதங்கள் எல்லாம் அன்றோடு ஒழிந்தன என்று கைதட்டி மகிழ்ந்தனர். அவர்களைக் குறை சொல்ல இயலாது. சிலப்பதிகாரத்துச் சதுக்கப் பூதம் தொட்டுப் பாட்டிமார் கதைப் பூதம் வரை தமிழில் பூதம் என்றால் அதுதானே! பஞ்சபூதம் என்னும் மற்றொரு பொருள் பெரியவர்களுக்கே நினைவுக்கு வரும்.

கிரேக்க மூலத்தில் அவ்விடத்தில் உள்ள சொல் 'ஸ்டாய்கெயா'. (நான் கிரேக்கம் கற்ற அறிஞர் அல்லள். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், கிரேக்க வரியும் அதன் கீழே ஆங்கில வரியுமாக அச்சிட்ட புதிய ஏற்பாட்டை எனக்குத் தந்து உதவினார். ஆல்ஃபா, காமா, லாம்டா முதலிய எழுத்துகள் இயற்பியல் வகுப்பில் முன்பே அறிமுகமானவை. எஞ்சியவற்றைக் கற்க ஒரு கோடை விடுமுறை போதுமானதாயிற்று.) அகரவரிசை எழுத்து, அடிப்படைப் பாடம், இயற்கையின் மூலப்பொருள், வானத்துக் கோள்கள் என்று இச்சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. நம் தமிழ் மொழிபெயர்ப்பிலேயே இது எபிரெயர் நிருபத்தில் 'மூல உபதேசங்கள்' ஆகிறது. கலாத்தியர் நிருபத்தில் 'வழிபாடுகள்' ஆகிறது. பேதுருவிடம் வரும்போது 'பூதங்கள்' ஆகிவிடுகிறது. ஒரே சொல்லுக்கு மூன்று வேடம்!

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் ஆங்கிலப் பதிப்பு இதனை 'எலிமெண்ட்ஸ்' என்று பெயர்த்தது. அன்று அச்சொல் நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கையே முதலில் நினைவூட்டியது. பின்னர் வேதியியல் வளர்ந்தது. அதே சொல் ஹைட்ரஜன், யுரேனியம் போன்ற தனிமங்களுக்குப் பெயராயிற்று. 1945இல் ஹிரோஷிமாவின் மீது அணுகுண்டு விழுந்தவுடன், பேதுரு சொன்னது இதைத்தான் என்று அமெரிக்கப் பிரசங்கியார் பலர் முழங்கலாயினர். வில்பர் ஸ்மித் என்பவர் அணுயுகத்தையும் கடவுளின் வார்த்தையையும் இணைத்து 1948இல் ஒரு நூலே வெளியிட்டார். முதல் நூற்றாண்டு மனிதன் யுரேனியத்தை அறிவானா? கடிதம் மாறவில்லை, மொழிபெயர்ப்பும் மாறவில்லை, சொல்லின் பொருள் மட்டும் இடையில் நகர்ந்துவிட்டது. ஒரு வேதியியல் மாணவிக்கு இது வியப்பளிக்காமல் இருக்குமா? 2001இல் வெளிவந்த ஓர் ஆங்கிலப் பதிப்பு இங்கே 'வானத்துப் பொருள்கள்' என்னும் கருத்தைத் தெரிந்துகொண்டது. அப்படி வாசித்தால் அணுகுண்டுக்கு இவ்வசனத்தில் இடமே இல்லை.

அதே வசனத்தின் இறுதிப் பகுதி இன்னும் சுவையானது. பூமி 'எரிந்துபோம்' என்பது பிற்காலக் கைப்பிரதிகள் பலவற்றின் பாடம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு பழம்பிரதிகளில், அதாவது ரோமில் உள்ள வத்திக்கான் பிரதியிலும், டிஷென்டார்ஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1859இல் சீனாய் மலை மடத்தில் கண்ட பிரதியிலும், அங்கே இருப்பது 'கண்டுபிடிக்கப்படும்' என்னும் சொல். இதனைக் கொண்டு 1978ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பு ஒன்று, பூமியும் அதில் உள்ள யாவும் 'வெளிப்படுத்தப்படும்' என்ற கருத்தில் பெயர்த்தது. எரிந்து சாம்பலாவது வேறு. மூடிமறைத்தவை யாவும் வெளிச்சத்துக்கு வருவது வேறு. எரியப்போகும் வீட்டுக்கு எவரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. கணக்குக் கேட்கப்படும் வீடாயின் ஓட்டை உடைசல்களைச் சரிசெய்தாக வேண்டும். ஓசோன் படலம் பற்றியும் கடல்நீர் அமிலமாவது பற்றியும் நாங்கள் வகுப்பில் படிக்கிறோம். இவ்விரண்டில் எந்தச் சொல்லை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து அந்தப் பாடங்களின் கனமே மாறிவிடுகிறது.

கதை இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அறிஞர் உலகம் பயன்படுத்தும் நெஸ்லே-ஆலண்ட் கிரேக்கப் பதிப்பின் 28ஆம் பதிப்பு 2012இல் வந்தது. அதில், 'கண்டுபிடிக்கப்படும்' என்பதன் முன்னே 'இல்லை' என்னும் சொல்லைச் சேர்த்து, பூமி 'காணப்படாது' என்று அச்சிட்டுள்ளனர். நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கப் பிரதிகளை விட்டு, பழைய எகிப்திய, சிரிய மொழிபெயர்ப்புகளின் துணையோடு செய்த முடிவு அது. ஒரு சிறு எதிர்மறைச் சொல்லின் மீது பூமியே நிற்கிறது!

இனி 'உலக முடிவு' என்னும் தொடருக்கு வருவோம். மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் சீடர்கள் இயேசுவிடம் கேட்கும் கேள்வியில் இது வருகிறது. மூலத்தில் உள்ள 'அயோன்' என்னும் சொல் உலகத்தைக் குறிப்பதன்று. ஊழியை, நீண்ட காலப்பகுதியைக் குறிப்பது. உலகத்துக்குக் கிரேக்கத்தில் 'காஸ்மாஸ்' என்று தனிச்சொல் உண்டு. சீடர்கள் கேட்டது எருசலேம் ஆலயத்தின் அழிவைப் பற்றி எழுந்த பேச்சின் தொடர்ச்சி, அவ்வாலயத்தைக் கி.பி. 70இல் தீத்து தலைமையில் வந்த ரோமப் படை அழித்தது. 'இக்காலத்தின் முடிவு' என்று வாசித்தால் ஒரு காலம் முடிந்து மறுகாலம் பிறப்பது நினைவில் தோன்றும். 'உலகத்தின் முடிவு' என்றால் மண்ணே இல்லாமற் போவது தோன்றும். 1946இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு 'உலகம்' என்பதை நீக்கிக் 'காலம்' என்று மாற்றிக்கொண்டது.

இங்கும் ஓர் விந்தை. இதே தொடர் சிறு மாற்றத்துடன் எபிரெயர் 9ஆம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே கிறிஸ்து ஏற்கெனவே தோன்றிவிட்ட காலத்தைக் குறிப்பதால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'கடைசிக்காலம்' என்று எழுதினார்கள். அங்கும் 'உலகத்தின் முடிவு' என்று எழுதியிருந்தால் உலகம் முதல் நூற்றாண்டிலேயே முடிந்துவிட்டது என்றாகியிருக்கும்! நம் நாட்டு வழக்கில் இதற்குப் பொருத்தமான 'யுகம்' என்னும் சொல் ஆயத்தமாகவே இருந்தது. நான்கு யுகங்களும் கலியின் முடிவும் உடன் வந்துவிடுமே என்று அஞ்சி அதனை ஒதுக்கினார்கள் போலும் என எண்ண இடமுண்டு. சீகன்பால்க் 1714–15இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய நாள் முதல், ஃபப்ரீசியஸ், ரேனியுஸ் வழியாக, 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு தந்த திருத்தம் வரை, உழைத்தவர் பலர். எந்தச் சொல்லைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் குறை கூற நா எழாது.

ஆனால் சொல்லின் விளைவு வீட்டுக்கு வருகிறதே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நானே முதல். அப்பா உப்பளத் தொழிலாளி. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வேளையில் உறவினர் ஒருவர் வந்து, "உலகத்துக்கு முடிவு வாசல்ல நிக்கி, மூணு வருசம் படிச்சு இவ என்ன செய்யப்போறா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். "வருகிறவர் வரும்போது எம்பிள்ள படிச்சுக்கிட்டே இருக்கட்டும்" என்றார் அப்பா. அவருக்கு 'அயோன்' தெரியாது. தெரியாமலே நல்ல விடை சொன்னார் என்பது என் கருத்து.

அதே அதிகாரத்தில் வரும் 'சந்ததி' என்னும் சொல்லையும் ஒரு வரியில் தொட்டுச் செல்கிறேன். கிரேக்கச் சொல் 'கெனெயா'; தலைமுறை என்பது அதன் இயல்பான பொருள். ஹால் லிண்ட்சே என்னும் அமெரிக்கர் 1970இல் வெளியிட்டுப் பெரிதும் விற்பனையான நூலில், இஸ்ரேல் நாடு பிறந்த 1948உடன் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிட்டார். 1988 வந்தது, போயிற்று. தமிழில் 'சந்ததி' என்றால் வம்சம் என்றே பலர் கொள்வர். ஆகவே இந்தக் கூட்டல் கணக்குக்கு நம் பதிப்பு இடம் கொடுக்கவில்லை. யூத இனம் முழுவதையும் குறிப்பதாக விளக்கத்தான் அது வழிவிட்டது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு 'தலைமுறை' என்றே மாற்றியுள்ளது.

வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்து மிருகத்தின் முத்திரையோ இன்றும் பலரைத் தூங்கவிடாத பொருள். அம்முத்திரை இல்லாதவன் வாங்கவும் விற்கவும் இயலாது என்பது அங்குள்ள செய்தி. 1611 ஆங்கிலப் பதிப்பு முத்திரை கைக்கு 'உள்ளே' என்று பொருள்படும் வேற்றுமைச் சொல்லைப் பயன்படுத்தியது. 1881 திருத்தப் பதிப்பு கையின் 'மேல்' என்று திருத்தியது. கிரேக்கத்தின் 'எபி'யும் 'மேல்' என்பதே. ஆயினும் பழைய பதிப்பை வாசித்துப் பழகியோர்க்குத் தோலுக்குள் புதைக்கும் மின்னணுச் சில்லு பற்றிய செய்தி வந்தவுடன் அந்த 'உள்ளே' கண்முன் நின்றது. தமிழின் ஏழாம் வேற்றுமையோ இரண்டுக்கும் இடம் தருவது. கையில் மோதிரம் இருக்கிறது என்றால் மேலே. கையில் முள் இருக்கிறது என்றால் உள்ளே. நம் வேதாகமத்தில் உள்ளது இந்த 'இல்' உருபுதான்.

2021இல் கொரோனாத் தடுப்பூசி போட எங்கள் தெருவுக்குச் செவிலியர் வந்தபோது, ஆச்சி கதவைச் சாத்திக்கொண்டார். கைக்குள் ஏற்றுவதுதான் முத்திரை என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் ஒலிப்பதிவு காரணம். எழுபது வயதைக் கடந்தவர். சர்க்கரை நோயும் உண்டு. வீட்டில் எல்லோரும் அஞ்சினோம். முன்னே குறிப்பிட்ட போதகர் வந்து அமர்ந்து, தாம் ஊசி போட்டுக்கொண்ட தோளைக் காட்டினார். பிறகு, "இது வலது கையுமில்ல, நெத்தியுமில்லம்மா, இடது தோள்பட்டை" என்றார். ஆச்சி சிரித்துவிட்டார். மறுவாரம் ஊசி போட்டுக்கொண்டார்.

அந்தப் போதகரிடமிருந்து பின்னர் அறிந்தது இது. அங்குள்ள கிரேக்கச் சொல் 'காரக்மா'. எகிப்தில் கிடைத்த பாபிரஸ் ஏடுகளில், விற்பனைப் பத்திரங்களின் மீது ரோமப் பேரரசரின் பெயரும் ஆட்சியாண்டும் பொறித்த அரசு முத்திரைக்கு இச்சொல்லே வழங்கியதை டைஸ்மான் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். நம் பதிவு அலுவலக முத்திரை போன்றது எனலாம். அப்படியானால் அன்றைய வாசகர்கள் நினைத்தது பேரரசரின் வழிபாட்டோடு பின்னிக் கிடந்த சந்தையை அன்றோ! மேலும் ஏழாம் அதிகாரத்தில் கடவுளின் ஊழியர்களுடைய நெற்றியில் இடப்படும் முத்திரைக்குக் கிரேக்கத்தில் 'ஸ்ஃப்ராகிஸ்' என்று வேறு சொல். தமிழில் இரண்டும் 'முத்திரை' ஆகிவிட்டதால் நல்லதற்கும் தீயதற்கும் ஒரே பெயர்.

தமிழ் இழந்த இடங்களையே சொல்லிவந்தேன். தமிழ் காத்துக்கொடுத்த ஓர் இடமும் உண்டு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் நான்காம் அதிகாரத்தில், கர்த்தர் வரும்போது உயிரோடிருப்போர் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவர் என்கிறார். 'பறித்துக்கொள்ளுதல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினையை லத்தீன் வேதாகமம் 'ராப்பியேமுர்' என்றது. அதிலிருந்து 'ராப்ச்சர்' என்னும் ஆங்கிலச் சொல் தோன்றியது. சொல் தோன்றியபின் அதற்கொரு கொள்கையும் தோன்றியது: சபை முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், ஏனையோர் பூமியில் உபத்திரவப்படுவர் என்று. 1830களில் ஜான் நெல்சன் டார்பி இதனைப் பரப்பினார். 1909இல் ஸ்கோஃபீல்டு வெளியிட்ட குறிப்புரை வேதாகமம் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. நம் ஊர்க் கூட்டங்களில் கேட்கும் 'இரகசிய வருகை' அதன் வழி வந்ததே.

ஆங்கிலத்தில் அவ்வசனம், கர்த்தரைச் 'சந்திக்க' எடுத்துக்கொள்ளப்படுவதாகக் கூறும். தமிழில் உள்ள சொல் 'எதிர்கொண்டுபோக' என்பது. கிரேக்க 'அபான்டெசிஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில் இல்லை என்றே துணிந்து கூறுவேன். அரசரோ பெரியவரோ நகருக்கு வரும்போது ஊரார் வாயிலைக் கடந்து சென்று வரவேற்பதற்கு அச்சொல் வழங்கியது. நான்காம் நூற்றாண்டின் கிறிசோஸ்தோமும், அரசனை எதிர்கொள்ளும் குடிகளை உவமை காட்டியே இவ்வசனத்தை விளக்கினார். புதிய ஏற்பாட்டில் இச்சொல் மணவாளனை எதிர்கொள்ளும் கன்னியர் கதையில் வருகிறது. பவுலை வரவேற்க ரோமாபுரிக் கிறித்தவர்கள் மூன்று சத்திரம் என்னும் இடம் வரை வந்த செய்தியிலும் வருகிறது. மூன்று இடங்களிலும் தமிழ் 'எதிர்கொண்டு' என்றே தவறாமல் பெயர்த்திருக்கிறது. பவுல் அவ்வசனத்தில் திரும்பிவருவதைக் குறிப்பிடவில்லை என்பது உண்மை. ஆதலின் அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் மாப்பிள்ளை அழைப்பு நடத்தும் ஊரில் பிறந்தவர்களுக்கு அச்சொல் எதை நினைவூட்டும்? மேளத்தோடும் விளக்கோடும் ஊர் எல்லை வரை போகிறவர்கள், மாப்பிள்ளையோடு அங்கிருந்தே வேறெங்கோ போய்விடுவதில்லை. அவரை அழைத்துக்கொண்டு தங்கள் தெருவுக்கே திரும்புகிறார்கள்.